டின்கெரியின் மூக்கு

வரும்போதே பால் வாங்கிக்கொண்டு வந்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள் சார்ஜென்ட். இங்கிருந்து பாலுக்கென்று வண்டியை எடுத்தால் போய்வர அரை நாள் போய்விடும். ஓய்விடத்துக் கடையில் இருப்பது வெறும் பவுடர். கலக்கினால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் குறைப்படுகிறார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. குடியுங்கள், ஆறிவிடும்.

அந்தப் பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வெர்னன் பாஸ்கோ. வெர்ன் என்றால் போதும். டின்கெரி நெடுஞ்சாலை ஓய்விடத்தின் பராமரிப்பாளன். இரண்டு பேர் செத்ததைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. போன வருஷம் அடிலெய்டில் நடந்த விசாரணையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதில் கொஞ்சம் விட்டுப்போனது உண்டு. அதை இப்போது சொல்கிறேன்.

இந்தச் சாலையில் வருகிறவர்கள் டின்கெரியில் நிற்பது ஒரு காரியத்துக்குத்தான். மூன்று பெட்டி கோத்து இழுக்கிற லாரிக்காரன் நிற்பான். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு படுக்கையும் கக்கூஸும் உள்ள காரவான் வண்டியைக் கட்டி இழுத்து நாட்டைச் சுற்றிவருகிற கிழடுகள் நிற்பார்கள். நிம்மதியான முகத்தோடு கிளம்பிப் போவார்கள். விட்டுவிட்டுப் போனது எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அது என்னிடம்தான் வந்தது.

பழைய ஏற்பாடு இதுதான். தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி. அது நிரம்பி வழிகிற தண்ணீர் பம்புக் கிணற்றில் விழும். கிணற்றுப் பம்பு அதைத் தூக்கி, கொஞ்ச தூரத்தில் இருக்கிற இரண்டு குட்டைகளுக்கு அனுப்பும். அங்கே வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இது கட்டப்பட்டது கார்கள் குறைவாக ஓடிய காலத்தில். இப்போது காரவான்காரர்கள் கக்கூஸ் டப்பாவை நீல மருந்தோடு கவிழ்க்கிறார்கள். அந்த மருந்து தொட்டியில் இருக்கிற நல்ல கிருமிகளையெல்லாம் கொன்றுவிடுகிறது. அது போதாதென்று, ஈரத் துடைப்புத் தாள்கள். பாக்கெட்டில் கரையும் என்று போட்டிருக்கும். ஒன்றும் கரையாது. கயிறாகத் திரிந்து பம்பின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். அப்போது யாராவது கிணற்றில் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும்.

இறங்குவது பெரிய விஷயமில்லை. கிணற்றில் வாயு இருக்கிறதா என்பதுதான் விஷயம். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஒதுங்கிவிடலாம். அதிகமாக இருந்தால் அது முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் சட்டென்று நின்றுபோகும். நல்ல காற்று வந்துவிட்டது என்று மனுஷன் நினைத்துக்கொள்வான், அதுதான் அவன் கடைசியாக நினைப்பது. அதனால் மேலே நிற்கும்போதே, காற்றில் இழையளவு கலந்திருக்கும்போதே, மோந்து சொல்ல ஒரு மூக்கு வேண்டும். டின்கெரியில் அந்த மூக்கு என்னுடையது.

இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. ப்ளூ ட்ரெம்பாத்தை உங்களுக்குத் தெரியும், செத்த இரண்டு பேரில் ஒருவன். கசடு இழுக்கிற டேங்கர் லாரி ஓட்டினான். தலைமயிர் செம்பட்டை; செம்பட்டைக்காரனைக் கிண்டலாக நீலம் என்று கூப்பிடுகிற இந்த ஊர் வழக்கப்படி பெயர் ப்ளூ. என்னை அவன் ஒருநாளும் வெர்ன் என்று கூப்பிட்டதில்லை. "மூக்கா" என்பான். லாரியை நிறுத்தி, காலைத் தொங்கப் போட்டபடி கேட்பான்:

"என்ன மூக்கா, இன்னிக்கு உள்ள ரோஜாவா மல்லிகையா?"

நான் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்வேன். சிகரெட் வாடை மூக்கைக் கெடுக்கும் என்பேன். தனியாகப் போய் மூடியைக் கொஞ்சம் நகர்த்திக் குனிவேன். திரும்பி வந்து, "நாத்தமில்ல" என்பேன். அந்த ஒரு சொல் போதும். ப்ளூ துண்டாகச் சுருங்கிய சிகரெட்டைக் காலில் மிதித்துவிட்டு இறங்கிவிடுவான். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவன் ஏணியில் கால் வைத்ததே கிடையாது. "நாத்தம்" என்று நான் சொன்ன நாட்களில் மூடியைத் திறந்து போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து சீட்டாடுவோம்.

விட்டுப்போனதில் முதல் விஷயம் இது. எனக்கு வாசனை தெரியாது. ரொம்ப வருஷமாகவே தெரியாது. ஒரு கோடையில் மூடியைத் திறந்தபோது குப்பென்று அடித்தது. முட்டிபோட்டு விழுந்தேன், பிறகு நானே எழுந்து வீட்டுக்கு நடந்துவந்தேன். ஐரிஸ் அடுப்பில் ஆட்டுக்கறி வேகவைத்திருந்தாள். வீட்டில் எந்த மணமும் இல்லை. கறி வேகவில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கறி தீய்ந்துபோயிருந்தது.

ஐரிஸ் என் மனைவி. கெட்டிக்காரி. வேலை போய்விடும், இந்த வீடும் போய்விடும், வெளியே சொல்லாதே என்று சொன்னவள் அவள்தான். வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். அவள் அம்மா கொடுத்த வெள்ளித் தேக்கரண்டிகள் ஆறு எங்கள் வீட்டில் உண்டு. வேகவைத்த முட்டையை அதால் தின்றால் கறுத்துப்போகும். முட்டையில் இருக்கிற அதே சங்கதிதானே கிணற்றிலும் இருக்கிறது என்றாள். ஒரு கரண்டியைத் தூண்டில் நரம்பில் கட்டி மூடிக்கு அடியில் தொங்கவிட்டோம். காலையில் பளபளப்பாக இருந்தால் இறங்கலாம். மஞ்சளித்திருந்தால் திறந்துபோட்டுக் காத்திருக்க வேண்டும். பழுப்பென்றால் அன்றைக்கு வேண்டாம். கறுப்பென்றால் பக்கத்திலேயே போகக்கூடாது. எல்லாரையும் தள்ளி நிறுத்திவிட்டு நான் குனிந்து பார்த்தது அந்தக் கரண்டியைத்தான். பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வேன். சாயங்காலம் ஐரிஸ் சோடா உப்பு வைத்துத் தேய்த்துக் கொடுப்பாள்.

அந்தக் கரண்டி ஒருநாளும் தவறவில்லை. என்னை நம்பி இறங்கிய யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஐரிஸ் செத்துப்போனாள், நுரையீரல் கோளாறு. அவளுடைய கம்பளிச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி மட்டும்தான் இருந்தது. அது கஷ்டமாக இருந்தது. எதுவுமே கஷ்டமாக இல்லாமல் போனதும் அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். சாப்பிட்டேன், தூங்கினேன், மோந்து சொன்னேன்.

அப்படி இருக்கும்போதுதான் சாலைத்துறை பழைய ஏற்பாட்டை மாற்ற முடிவு செய்தது. குட்டைகள் கசிகின்றன, கோடை விடுமுறையில் தொட்டி தாங்கவில்லை என்றார்கள். இரும்புத் தொட்டிகளில் காற்றை ஊதிக் கழிவைச் சுத்தம் செய்கிற புது ஆலை வரப்போகிறது என்றார்கள். அடிலெய்டில் உட்கார்ந்தபடியே அதைக் கணினித் திரையில் பார்க்கலாம். வேலையை நடத்த ஓஃபா லாட்டு என்கிற பொறியாளர் வந்தாள். டோங்காத் தீவுக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது அடிலெய்டில். ஆள் நல்ல வாட்டசாட்டம். தொப்பிக்குள் முடி அடங்காது. குழாய்ப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு தேவாலயப் பாட்டை முழுத் தொண்டையில் பாடுவாள். லாரிக்காரர்கள் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

வந்த அன்றைக்கே என்னை அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் வீட்டில் வயதான ஆண்கள் எல்லாரும் அங்கிள்தான். மத்தியானம் தேநீருக்கு இந்த மேசைக்கு வருவாள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்காருவாள். தகரத்தில் அடைத்த மாட்டிறைச்சியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவருவாள். நான் நன்றாக இருக்கிறது என்பேன். அவளுக்குச் சந்தோஷம்.

அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பீப் பெட்டி இருந்தது. சட்டைப் பையில் மாட்டிக்கொள்கிற அளவு. வாயு இருந்தால் கத்தும். அது கத்தாத வரைக்கும் மட்டும்தான் இறங்கலாம் என்று எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். ப்ளூ பின்னால் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இந்தப் பெட்டி நான் குசு விட்டாலும் கத்துது. நம்ம மூக்கனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும். உன் பெட்டிக்குத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஓஃபாவும்தான் சிரித்தாள். "அங்கிளோட மூக்கு ரிட்டயர் ஆகட்டும் ப்ளூ. பாவம், எவ்வளவு காலம்தான் உங்க நாத்தத்தை மோந்துக்கிட்டிருக்கும்" என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தப் பாடத்தில் இன்னொன்றும் சொன்னாள். கிணற்றில் ஒருவன் விழுந்தால் அவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிப்பான். உலகம் முழுக்க இதே கதைதான், முதல் ஆளைவிட இரண்டாவது ஆள்தான் அதிகம் சாகிறான், ஆகவே யாரும் பின்னால் இறங்காதீர்கள், மேலேயே நில்லுங்கள் என்றாள். அப்போது ஒருத்தன், "உன் தம்பி உள்ள கிடந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டான். ஓஃபா கையிலிருந்த தாளைப் புரட்டினாள். அவள் எந்த ரகம் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் எதற்காகவும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு ஞாபகத்தில் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் நின்று வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வழக்கம்போல இரண்டு கோப்பை தேநீர் போட்டேன். ஓஃபா ஒரு வாய் குடித்தாள், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்பினாள்.

"அங்கிள், பால் கெட்டுப்போச்சு. குடிக்காதீங்க."

நான் பாதிக்குமேல் குடித்திருந்தேன். அவள் என் கோப்பையைப் பார்த்தாள். பிறகு பால் புட்டியைத் திறந்து என் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். நான் மோந்தேன். என்ன முகம் காட்ட வேண்டும் என்று யோசிப்பதற்குள் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது.

"உங்களுக்கு வாசனையே தெரியலையா?" என்றாள், மெதுவாகத்தான் கேட்டாள். "எத்தனை நாளா அங்கிள்?"

சொன்னேன். கரண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. அது எனக்கும் ஐரிஸுக்கும் நடுவில் இருந்த விஷயம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சொரசொரப்பாக இருந்தது. அழுதாளோ என்னவோ. "ப்ளூ உங்க பேச்சை நம்பித்தானே இறங்குறார். நான் இதைச் சொல்லாம இருக்க முடியாது. லீவு முடிஞ்சு எல்லாரும் வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன். உங்க வேலை போகாது, புது ஆலைத் திரையைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும், அதுக்கு மூக்கு வேணாம்" என்றாள்.

வீட்டுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். இந்த வீடு வேலையோடு சேர்ந்தது. முதல் வரைபடத்தில் சுத்தம் செய்த தண்ணீரைத் தெளிக்கிற நிலம் இந்த வீட்டின் மேல்தான் விழுந்தது, இடிப்பதாக இருந்தார்கள். ஆனால் அதை ஓஃபா மாற்றிவிட்டாள். குழாயை வடக்கே தள்ளிப் போட்டு, மேலதிகாரிகளிடம் பேசி, "உங்க வீடு அப்படியே இருக்கும் அங்கிள்" என்று வரைபடத்தை இதே மேசையில் விரித்துக் காட்டினாள். அது பால் கெட்டுப்போவதற்கு ரொம்ப நாள் முன்னாடியே. ஆகவே வீட்டுக்காக என்று சொல்வது சரியாக இருக்காது.

விஷயம் இதுதான். ப்ளூ லாரியை நிறுத்தி, "என்ன சொல்லுது திரை?" என்று கேட்பான் என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை, அதுகூடக் கேட்கமாட்டான். இத்தனை வருஷம் என் மூக்கை நம்பி இறங்கினேனே, உள்ளே ஒன்றுமே இல்லையா என்று கேட்பான். அல்லது கேட்காமலே என் முகத்தைப் பார்ப்பான். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஐரிஸ் செத்ததைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

ஈஸ்டர் விடுமுறைக்குக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. பள்ளம் தோண்டுகிற ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கிணற்றில் இறங்கும்போது மாட்டிக்கொள்கிற சுவாசக் கருவி அவர்கள் வண்டியில் போய்விட்டது. ஓஃபா மட்டும் குழாய் இணைப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்று சாமான் கொட்டகைக்குப் பின்னால் தங்கிவிட்டாள். பழைய பம்பு முந்தின நாளே மூச்சுத் திணறியது, துடைப்புத் தாள்தான். நான் அதைச் சொல்லவில்லை. கிணற்றில் தேங்கட்டும் என்று விட்டேன். வெயிலும் நல்ல வெயில். பீப் பெட்டி கொட்டகைச் சுவரில் சார்ஜில் செருகியிருந்தது. நான் சுவிட்சை அணைத்துவைத்தேன். ஆட்களில் யாரோ மறந்திருக்கலாம் என்று பிற்பாடு அறிக்கையில் எழுதினார்கள்.

ஓஃபா தானாக அந்தக் கிணற்றில் இறங்குகிறவள் இல்லை. அதற்கு முதலில் ஒருவன் இறங்க வேண்டும். எனக்கு ப்ளூவின் மேல் எந்தக் கோபமும் கிடையாது, இருந்திருந்தால் அவனைக் கூப்பிட்டிருக்கமாட்டேன். ஆனால் என் சொல்லுக்கு இறங்குகிறவன் அவன் ஒருவன்தானே.

காலையில் வந்தான். கக்கூஸ் வாசலில் வரிசை. மூன்று அறைகளில் தண்ணீர் ஏறி நின்றது.

"மோந்து சொல்லுடா மூக்கா, சீக்கிரம். இல்லேன்னா குழந்தைங்க ஈஸ்டர் சாக்லேட் முட்டையை மிதக்கவிட்டுத்தான் பொறுக்கணும்."

"பீப் பெட்டியில சார்ஜ் இல்ல" என்றேன். இதை நான் மறைக்கவில்லை. "வேணும்னா ஓஃபாவைக் கூப்பிடட்டுமா?"

"அவ வந்து பேப்பர்ல கையெழுத்து வாங்கி முடிக்கறதுக்குள்ள இங்க ஆறு ஓடும். நீ சொல்லு, போதும்."

அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். போய் மூடியை நகர்த்திக் குனிந்தேன். கரண்டி கறுத்திருந்தது. அவ்வளவு கறுப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நரம்பை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எப்போதும் எடுத்துக்கொள்கிற நேரத்தை எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தேன்.

"நாத்தமில்ல" என்றேன்.

ப்ளூ என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினான். ஏணியின் பாதியில் ஷெரில் எனக்கு ஏதோ கொடுத்தனுப்பியிருப்பதாகச் சொன்னான். ஷெரில் அவன் மனைவி. என்ன கொடுத்தனுப்பினாள் என்று கேட்பதற்குள் அவன் பேச்சு நின்றுவிட்டது. உட்கார்ந்தமாதிரி இருந்தது, பிறகு சரிந்தான்.

அதற்குப் பிறகுதான் ஓஃபாவைக் கூப்பிட்டேன். நல்ல சத்தமாகவே கூப்பிட்டேன், கழிவறைப் பக்கம் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டதாக விசாரணையில் சொன்னார்களே. ஓடிவந்தாள். கொட்டகைக்குள் போய்ப் பெட்டியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள், போட்டாள். குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க அங்கிள்?"

"நாத்தமில்லன்னு சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதற்கு நேரமில்லை என்று நினைத்திருப்பாள். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பம்பைத் தூக்க, கையால் சுற்றுகிற ராட்டினம் கிணற்றின் மேலேயே நின்றது. அதன் கயிற்றை இழுத்து இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். நல்ல முடிச்சு.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். அவர் கையில இன்னொரு கயிறு மாட்டிட்டு ரெண்டு தடவ இழுப்பேன். உடனே சுத்தி என்னைத் தூக்குங்க, அப்புறம் அவரை இழுக்கலாம். ரெண்டு தடவ, சரியா?"

சரி என்றேன். அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

இனி வருவதுதான் விட்டுப்போனதில் கடைசி. கயிறு இழுபட்டதா என்று விசாரணையில் கேட்டார்கள். எதையும் உணரவில்லை, கை மரத்துப்போயிருந்தது என்றேன். கை மரத்துத்தான் போயிருந்தது. ஆனால் கயிறு இழுபட்டது. ஒரு முறை இழுபட்டது, பிறகு இன்னொரு முறை, சொன்ன மாதிரியே. ராட்டினத்தின் கைப்பிடி என் கையில் இருந்தது. அந்தப் பம்பையே தூக்குகிற ராட்டினம், ஓஃபா பம்பைவிட லேசு. நான் சுற்றவில்லை. மூன்றாவது முறை இழுக்கிறாளா என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கயிறு ஆடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. அப்புறம் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

விசாரணையில் என்னை யாரும் குறை சொல்லவில்லை. மேலே நின்றது நான் ஒருவன்தான் என்று பாராட்டக்கூடச் செய்தார்கள். சாலைத்துறையின் பயிற்சி வகுப்பில் என் படத்தைக் காட்டுகிறார்கள்: பதறாமல் விதிப்படி நடந்துகொண்ட ஊழியர். ஒருமுறை போய்ப் பேசிவிட்டும் வந்தேன். ஷெரில் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பினாள். ஈரப்பதமாக இருந்தது. புது ஆலை ஓடுகிறது, சத்தமே இல்லை. வாசலில் ஓஃபாவின் பெயரைப் பலகையில் போட்டிருக்கிறார்கள், வரும்போது பார்த்திருப்பீர்கள். திரையை நான் பார்த்துக்கொள்கிறேன். லாரிக்காரர்கள் இன்னும் மூக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் ஓஃபாவின் அம்மா வந்தார். டோங்கா வழக்கப்படி இடுப்பில் துக்கப் பாயைச் சுற்றிக்கொண்டு, மூடிப்போட்ட அந்தப் பழைய கிணற்றின் பக்கத்தில் நின்று பாடினார். மகளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. முடிந்ததும் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தார், பிறகு தொடவேயில்லை. நான் என்னுடையதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தேநீர் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவம் அந்தக் கிழவர், கெட்ட பாலைக்கூடத் தெரியாமல் குடிக்கிறார் என்று ஓஃபா போனில் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். அந்த அம்மா உங்களிடம் வந்து சொன்ன இதை நீங்கள்தான் இன்றைக்கு வாசலில் நின்று எனக்குச் சொன்னீர்கள்.

உங்கள் கோப்பையும் அப்படியேதான் இருக்கிறது சார்ஜென்ட். நீங்கள் வாங்கிவந்த பால் எப்படிப்பட்டது என்று எனக்கு இப்போது புரிகிறது. அதற்காக நீங்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம், கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன். தட்டில் இருக்கிற கரண்டியை வேண்டுமானால் எடுத்துப் போங்கள். அதுதான் அந்தக் கரண்டி. அன்றைக்குச் சாயங்காலமே சோடா உப்பில் தேய்த்து மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்துவிட்டேன். ஆறும் ஒன்றாக இருந்தால்தான் ஐரிஸுக்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் சரியாகப் பதிவாக வேண்டும், ஷெரில் கேட்பாள். நான் ப்ளூவிடம் பொய் சொல்லவில்லை. நாற்றமில்லை என்று சொன்னேன். எனக்கு நாறவில்லை.